தோட்டத்தில் ஏன் மாஃபியா முளைக்கவில்லை?

கேள்வி: ஹட்டனிலிருந்து ஒரு வாசகர், 2023 ஜூன் 4

பேப்பரைத் திறந்தால் பாதாள உலகம், துப்பாக்கிச் சூடு, கப்பம். வறுமையும் வேலையில்லாத் திண்டாட்டமும் சேர்ந்தால் குற்றக் கும்பல் தானாக உருவாகும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால் அடுத்தது நம் மலையகத் தேயிலைத் தோட்டங்கள்தான். பத்து வருடத்தில் இங்கேயும் கப்பம் கேட்டு ஆள் வருவான். நீங்கள் சமூகவியல் படித்தவர். என்ன சொல்கிறீர்கள்?

2023 ஜூன் 4, இரவு

சமூகவியல் படித்தது உண்மை. வெளிவாரிப் பட்டம், இரண்டாம் தடவையில் பாஸ். இப்போது தலவாக்கலையில் போட்டோக்கொப்பிக் கடை. நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கருத்து பிழை. வறுமை போதுமென்றால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நூறு வருடத்துக்கு முன்பே கும்பல் உருவாகியிருக்க வேண்டும். பத்தடிக் காம்பராவில் எட்டுப் பேர். கையில் காசில்லை. இலங்கைக் குடியுரிமை 1948 சட்டத்தோடு போனது, வாக்குரிமை அடுத்த வருடம். இதைவிட என்ன வேண்டும்? கோழித் திருட்டு வந்தது, குடித்துவிட்டுக் கத்திக்குத்து வந்தது, கும்பல் வரவில்லை. வறுமை திருடனை உண்டாக்கும், சரி. திருடன் கும்பலாவதற்கு இன்னும் ஏதோ வேண்டும். நாளை எழுதுகிறேன், கடை பூட்ட வேண்டும்.

2023 ஜூன் 5

முதலில் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், 1938. சமூகம் எல்லாருக்கும் ஒரே ஆசையைக் காட்டுகிறது, அந்த ஆசைக்குப் போகும் வழியை மட்டும் சிலருக்குத்தான் திறந்துவிடுகிறது. இந்த இடைவெளியில் மாட்டியவர்கள் ஐந்து விதமாக நடந்துகொள்வார்கள் என்றார். சிலர் சொன்னபடி உழைத்துக்கொண்டே இருப்பார்கள். சிலர் ஆசையை விட்டுவிட்டுச் சடங்குபோல வேலைக்குப் போய்வருவார்கள். சிலர் இரண்டையும் விட்டுக் குடியில் விழுவார்கள். சிலர் எல்லாவற்றையும் புரட்டிப்போடக் கிளம்புவார்கள். மிச்சமிருப்பவர் ஆசையை வைத்துக்கொண்டு வழியை மட்டும் மாற்றிக்கொள்வார். மெர்ட்டன் இவருக்குப் 'புதுமை செய்பவர்' என்று பெயர் வைத்தார். கள்ள நோட்டு அடிப்பவனுக்கு இவ்வளவு மரியாதை வேறு யாரும் கொடுத்ததில்லை.

என் அப்பா இரண்டாம் வகை. முப்பத்தைந்து வருடம் விடியற்காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றார். முன்னேற வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நாளும் பேர், அதாவது அன்றைய வேலைக் கணக்கு, விழாமல் போகக்கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. சித்தப்பா மூன்றாம் வகை, கல்லீரலோடு போனார். நான்காம் வகை எல்லாம் தொழிற்சங்கத்துக்குப் போனது. ஐந்தாமவர் யார் என்று எங்கள் லயத்தைக் காம்பரா காம்பராவாக நினைத்துப் பார்த்தேன். ஒருவர்கூட வரவில்லை.

மெர்ட்டன் தனி ஆளைப் பற்றிச் சொல்கிறார். நாலு ஆள் சேர்ந்து, கணக்கு வைத்து, ஒருவன் செத்தால் இன்னொருவன் அந்த இடத்துக்கு வருவது எப்படி என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை.

2023 ஜூன் 5, கொஞ்சம் பிந்தி

விட்டுப்போனது. மெர்ட்டன் என்பது அவர் பிறந்த பெயர் இல்லை. பிலடெல்பியாவில் ஏழை யூதக் குடியேறிகளின் பிள்ளை, மேயர் ஷ்கோல்னிக். சின்ன வயதில் மாயவித்தை காட்டப் போய், மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர் கடைசிவரை நின்றுவிட்டது. ஆசைக்கு ஏற்ப வழியை மாற்றிக்கொள்வது பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

2023 ஜூன் 10

இன்று சம்பளம். என் கடைக்கு எதிரே ஏ.டி.எம். எட்டரைக்கே வரிசை. ஏழாவதாக நின்றவர் கையில் இருபதுக்கு மேல் கார்டு, ரப்பர் பட்டி போட்ட கட்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பிளாஸ்டர் துண்டு, அதில் நீலப் பேனையால் நாலு இலக்கம். ஒவ்வொன்றாகப் போட்டு, காசை எடுத்து, வந்த சிட்டையை அந்தந்தக் கார்டிலேயே சுற்றி இடுப்புப் பையில் போட்டார். அரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கக்கூட இல்லை. அவர்களில் பாதிப் பேர் காசு எடுக்க வந்தவர்களே இல்லை. அவர்களுடைய கார்டும் அந்தக் கட்டில்தான் இருக்கிறது. வட்டி போக அவர் தரும் மிச்சத்துக்காக நிற்கிறார்கள்.

நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். வட்டி மாதம் நூற்றுக்குப் பத்து. மிச்சம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இவரை மாஃபியா என்று சொல்லலாமா? இரவு எழுதுகிறேன்.

2023 ஜூன் 11

எழுதவில்லை. கரண்ட் போய்விட்டது.

2023 ஜூன் 13

தியேகோ காம்பெட்டா என்ற இத்தாலியச் சமூகவியலாளர் 1993இல் சிசிலி மாஃபியாவைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். அவர்கள் விற்கும் சரக்கு பாதுகாப்பு. போதைப்பொருளும் சூதும் பக்கத் தொழில். ஒருவரையொருவர் நம்பாத இரண்டு பேர் கொடுக்கல் வாங்கல் செய்ய வேண்டியிருக்கிறது. ஏமாற்றினால் கேட்க நீதிமன்றம் தூரம், அல்லது அங்கே கொண்டுபோகவே முடியாத சரக்கு. நடுவில் ஒருவர் வந்து "நான் இருக்கிறேன்" என்கிறார். அந்த வார்த்தைக்குத்தான் காசு. வார்த்தைக்குப் பின்னால் கத்தி இருப்பது ஊருக்கே தெரியும் என்பதால் அதைப் பெரும்பாலும் எடுக்க வேண்டி வராது.

இந்த அளவுகோலில் கார்டுக்காரர் மாஃபியா இல்லை. தன் காசைத் தானே கொடுக்கிறார், தானே வாங்குகிறார். அடுத்தவர் கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பு நிற்பதில்லை. கத்தியும் இல்லை. அவருடைய ஆயுதம் வெட்கம். காசு வரவில்லையென்றால் லயத்து வாசலில் நின்று, "அக்கா, மகள் சடங்குக்குன்னுதான வாங்குனீங்க" என்று சத்தமாக ஆரம்பிப்பார். காம்பராவுக்குக் காம்பரா நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. எட்டுக் குடும்பத்துக்கும் கேட்கும். அது போதும்.

ஏன் வங்கிக்குப் போகவில்லை என்று கேட்காதீர்கள். காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. பல தோட்டங்களில் வீட்டு இலக்கம்கூட இல்லை, கடிதம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். ஈடு வைக்கக் காதுத் தோடு இருக்கும், அதுவும் ஏற்கனவே அடகில்.

2023 ஜூன் 18

"கத்தியும் இல்லை" என்று போன பதிவில் எழுதியது பிழை.

கொட்டகலையிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். போன வருடம் சாமான் விலை தலைக்கு மேல் ஏறிய மாதங்களில் அவர்கள் லயத்தில் ஒரு வீடு தவணை தவறியது. வட்டிக்காரர் வரவில்லை. மோட்டார் சைக்கிளில் இரண்டு பொடியன்கள் வந்தார்கள். அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. கேஸ் அடுப்பையும் டி.வி.யையும் தூக்கிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். அதே பொடியன்கள் வேறு இரண்டு வட்டிக்காரருக்கும் இதே வேலை செய்கிறார்களாம்.

அக்கா போகிறபோக்கில் எழுதிய இந்தக் கடைசி வரியை நான் மூன்று தடவை படித்தேன். கொடுத்தவரே வந்து கத்தினால் அது கடன் வசூல். வசூலையே தொழிலாக வைத்து, கேட்டவருக்கெல்லாம் செய்து கொடுக்க ஆள் வந்துவிட்டால் காம்பெட்டா சொன்ன சரக்கு கடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஹட்டன் வாசகரே, ஜூன் 4இல் நான் அவ்வளவு அடித்துச் சொல்லியிருக்கக் கூடாது.

2023 ஜூன் 19

சின்ன விஷயம், 'கப்பம்' பற்றி. தமிழ்நாட்டில் மாமூல் என்பார்கள். இங்கே கப்பம், சிங்களத்திலும் அதே சொல். சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டியதும் கப்பம்தான், கடைக்காரர் சண்டியனுக்குக் கட்டுவதும் கப்பம்தான். அரசுகள் வளர்ந்த விதமும் மிரட்டிப் பாதுகாப்பு விற்பவன் வளர்ந்த விதமும் ஒன்றுதான் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ள்ஸ் டில்லி 1985இல் இருபது பக்கத்துக்கு மேல் எழுதினார். நம் ஆட்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

செங்கோலோடு நின்று கேட்கும் அரசனை, வழியில் வேலோடு நிற்கும் கள்வனோடு வள்ளுவர் ஒப்பிட்டது கொடுங்கோன்மை அதிகாரத்தில். குறள் இல்லாமல் தமிழில் ஒரு பதிவு போட முடியாதா என்று யாராவது கேட்பதற்குள் நிறுத்துகிறேன்.

2023 ஜூன் 24

இது நீளமாகப் போகும். தேத்தண்ணியோடு உட்காருங்கள்.

சிசிலியில் நிலமானிய முறை 1812இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் பெருநிலங்கள் பெருநிலங்களாகவே இருந்தன. நிலக்காரர் பலேர்மோவில் சொகுசாக இருப்பார். நிலத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவனுக்குக் கபெல்லோட்டோ என்று பெயர். அவன் அதைக் கூறுபோட்டு விவசாயிகளுக்கு உள்குத்தகைக்கு விட்டு, மேலேயும் கீழேயும் கறந்தான். காவலுக்குத் துப்பாக்கியோடு குதிரையில் ஆள் வைத்திருந்தான். மாஃபியாவின் வேர்களில் ஒன்று இங்கே என்பது பலர் ஒத்துக்கொண்ட விஷயம். 1876இல் அங்கே போய்ப் பார்த்த இத்தாலிய ஆய்வாளர் லியோபோல்டோ ஃபிராங்கெட்டி, வன்முறை அங்கே மற்றத் தொழில்களைப் போல ஒரு தொழிலாக நடக்கிறது என்று எழுதினார்.

இதை முதல் முதலில் பரீட்சைக்காகப் படித்தபோதே எனக்குப் பெரிய கங்காணிதான் கண்முன் வந்தார். லண்டனில் பங்குதாரர், பங்களாவில் தோட்டத்தை நடத்தும் துரை, லயத்தில் தொழிலாளி. துரைக்குத் தமிழ் அரைகுறை, தொழிலாளிக்கு ஆங்கிலம் கிடையாது. நடுவில் கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி. ஊரிலிருந்து ஆள் கட்டி வந்தவர் அவர்தான். வழிச்செலவும் முன்பணமும் அவர் கையால் வந்ததால், மலையில் கால் வைக்கும்போதே தொழிலாளி கடனாளி. வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு.

அப்புறம் துண்டு. இளம் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். "இந்தக் கங்காணிக்கும் அவர் ஆட்களுக்கும் இவ்வளவு ரூபாய் கடன், கட்டினால் விடுவிக்கிறேன்" என்று துரை எழுதிக் கொடுக்கும் கடுதாசிதான் துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்கே இருக்கும் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கட்டிய பணம் திரும்பவும் ஆட்கள் தலையில் கடன். தோட்டம் மாற மாற அது ஏறிக்கொண்டே போகும். 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். என் அப்பாயி அப்போது சின்னப் பிள்ளை. "மூணு தோட்டம் மாறுனோம். கங்காணியும் மாறல, கடனும் மாறல" என்று சொல்லும்.

ஆக இரண்டும் ஒரே அச்சு. தூரத்து முதலாளி, இடைத்தரகர், கடன், ஆள்பலம். அங்கே மாஃபியா வந்தது. இங்கே கங்காணி வீட்டுப் பிள்ளைகள் கடை வைத்தார்கள், வக்கீல் ஆனார்கள், சங்கத் தலைவரும் ஆனார்கள். ஏன் இந்த வித்தியாசம்? எனக்கு இருபது வருடமாகத் தொண்டையில் சிக்கின முள் இது.

2023 ஜூன் 25

ஒருவர் கேட்டிருக்கிறார்: எலுமிச்சைக்கும் மாஃபியாவுக்கும் சம்பந்தம் உண்டாமே?

உண்டு. மூன்று பொருளியலாளர்கள் 2017இல் எழுதினார்கள். 1880களில் சிசிலியில் எலுமிச்சை விளைந்த ஊர்களில் மாஃபியாவும் கூடுதல். கடலோடிகளுக்கு வரும் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சை மருந்து என்று தெரிந்ததும் விலை ஏறியது. தோட்டம் போட முதல் வேண்டும், தண்ணீர் வேண்டும், காய்க்க வருடங்கள் வேண்டும். திருடனுக்கு ஒரு ராத்திரி போதும். எனவே காவலாளி. காவலாளியிடமிருந்து காக்க இன்னொரு காவலாளி.

நம் பக்கம் பாருங்கள். கோப்பிக் காலத்தில் துரைமாரின் பெரிய புலம்பல் கோப்பித் திருட்டு. பழத்தைப் பறித்துக் காயவைத்தால் எந்தக் கடையிலும் போடலாம். 1869இல் இலைநோய் வந்து கோப்பியைத் தின்றது, மலை தேயிலைக்கு மாறியது. கொழுந்து அப்படியில்லை. பறித்த அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போகாவிட்டால் குப்பை. தொழிற்சாலையோ துரையுடையது. ஒரு சாக்குக் கொழுந்தைத் திருடி 1900இல் யாரிடம் விற்பீர்கள்? (இப்போது விற்கலாம் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.)

இது பாதிப் பதில்தான். இன்னும் இருக்கிறது.

2023 ஜூலை 2

மிச்சப் பாதி.

1893இல் சிசிலியில் கடும் வறட்சி. விவசாயிகள் சங்கமாகத் திரண்டு குத்தகை நிபந்தனையை மாற்றச் சொன்னார்கள். அரசு தூரத்தில், அதன் கை அந்த மலைகளுக்கு எட்டவில்லை. நிலக்காரரும் குத்தகைக்காரரும் மாஃபியாவைக் கூலிக்குப் பிடித்தார்கள். வறட்சி கடுமையாக இருந்த ஊர்களில் சங்கமும் பலமாக இருந்தது, பின்னால் மாஃபியாவும் பலமாக வேரூன்றியது என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு ஊர் ஊராகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

இங்கே 1940 ஜனவரி, முல்லோயாத் தோட்டம். வேலைநிறுத்தம். துரை சண்டியனைத் தேடிப் போகவில்லை. பொலிஸ் வந்தது, சுட்டது, கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார்.

எனக்குக் கிடைத்த பதில் இதுதான். சிசிலி நிலக்காரனுக்கு அரசு எட்டாத தூரம். நம் துரைக்கு அரசு ஒரு டெலிபோன் தூரம். அடிக்க ஆள் வேண்டுமென்றால் காக்கிச் சட்டையே வரும்போது யாராவது சண்டியனுக்குச் சம்பளம் கொடுப்பார்களா? கங்காணியின் அதிகாரமும் துரை கொடுத்தது. துரை எடுத்தால் போயிற்று. போதாததற்குத் தோட்டம் ஒரு மூடிய பெட்டி, வெளியாள் கால் வைக்க அனுமதி வேண்டும். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில்தான் லயங்களுக்குள் போனார் என்பது நம் எல்லாருக்கும் சொல்லப்பட்ட கதை. சங்கக்காரருக்கே அந்தப் பாடு.

"அரசு இல்லாத இடத்தில் மாஃபியா முளைக்கும்" என்று பாடப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். பக்கத்தில் இன்று பென்சிலால் எழுதினேன்: யாருக்கு இல்லாத இடத்தில்? தொழிலாளிக்கு அரசு என்றைக்கும் இருந்ததில்லை. அதற்காகக் கும்பல் ஒன்றும் வந்துவிடவில்லை. காசுள்ளவனுக்கு அரசு கிடைக்காமல் போனால்தான் அவன் வேறு ஆளைத் தேடுகிறான், அந்த ஆளுக்குச் சம்பளமும் கொடுக்கிறான்.

2023 ஜூலை 3

"அப்படியென்றால் துரைதான் மாஃபியா" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஜூன் 19ஐப் படியுங்கள்.

2023 ஜூலை 9

தலைப்பு தப்போ என்று சந்தேகமாக இருக்கிறது. தோட்டத்தில் முளைக்கவில்லை என்றேன். தோட்டத்துக்குப் பக்கத்து ஆற்றில் முளைத்ததை மறந்துவிட்டேன். மறக்கவில்லை, மாமா உயிரோடிருந்தவரை எழுதக்கூடாது என்றிருந்தேன்.

பொகவந்தலாவை. மாமா பகலில் மலையில் வேலை, இரவில் கெசல்கமு ஓயாவில் மாணிக்கக் குழி. அனுமதிப்பத்திரம் எல்லாம் இல்லை. மூன்று கூட்டாளிகள், ஒரு வாடகைத் தண்ணீர் மோட்டார், சாக்குப் போட்டு மூடிய வெளிச்சம். இல்லம் என்கிற சரளை மண்ணைக் கூடையில் அள்ளி அரித்து அரித்து ஆறு மாதம். ஒரு நாள் ஒரு கல் கிடைத்தது. மாமி அடுப்படியில் டோர்ச் அடித்துக் காட்டியதை நானும் பார்த்தேன். புளியங்கொட்டை அளவு, நீலம், ஒரு பக்கம் பால் ஊற்றின மாதிரி.

வாங்க வந்தவர் பாதிக் காசு தந்தார். மீதி அடுத்த கிழமை என்றார். அந்தக் கிழமை வரவே இல்லை. மாமா எங்கே போய்ச் சொல்வார்? சட்டவிரோதக் குழியில் எடுத்த கல்லுக்கு மீதிக் காசு வரவில்லை என்று பொலிசில் எழுதிக் கொடுக்கவா?

ஊரில் மரக்கறி லொறி வைத்திருந்த ஒருவர் இருந்தார். எல்லாரும் அண்ணன் என்பார்கள். மாமா போய்ச் சொன்னார். நாலாம் நாள் பிஸ்கட் டின்னில் காசு வந்தது, மூன்றில் ஒரு பங்கு கழித்து. யாரும் அடிபட்டதாகத் தெரியவில்லை. அண்ணன் போய் வாங்கினவர் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாராம், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அந்த ஆற்றில் யார் கல் விற்றாலும் அண்ணனுக்குச் சொல்லிவிட்டுத்தான். அவர் கேட்கவே இல்லை. விற்பவர்களே போய்ச் சொன்னார்கள், வாங்குபவர்களும் அதையே விரும்பினார்கள். போலிக் கல்லாக இருந்தால் அண்ணனிடம் கேட்கலாம் அல்லவா. மாமா சாகும்வரை அவரைக் கப்பக்காரன் என்று சொன்னதில்லை. "அண்ணன்தான் வாங்கித் தந்தாரு" என்பார், நன்றியோடு. காம்பெட்டா பக்கம் பக்கமாக எழுதியதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது இந்த நன்றிதான். கும்பலுக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் திருப்தியாகவும் இருக்கிறார்கள்.

2023 ஜூலை 15

கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சுருக்கமாக.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு, அதில் கும்பல்கள் கொழுத்தன என்பது தெரிந்த கதை. அப்படியானால் கசிப்பு காய்ச்சும் ஒவ்வொரு ஆற்றங்கரையிலும் ஓர் அல் கபோன் இருக்க வேண்டுமே? கனடாவிலிருந்து விஸ்கி கடத்த லொறி வேண்டும், கிட்டங்கி வேண்டும், ஆள்படை வேண்டும். கசிப்புக்குக் கோடா என்கிற ஊறல் வைக்கப் பீப்பாய் ஒன்றும் ஓர் ஓடையும் போதும். யாரும் செய்யக்கூடிய தொழிலில் யாரும் ராஜா ஆக முடியாது.

ஆனால் தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் 1971இல் இன்னொரு கோணம் சொன்னார். கும்பல் சட்டவிரோதத் தொழிலைத் தானே நடத்துவதில்லை, நடத்துகிறவனிடம் வரி வாங்குகிறது. கள்ள வியாபாரி வாடிக்கையாளனுக்குத் தெரியாமல் ஒளிய முடியாது, வாடிக்கையாளனுக்குத் தெரிந்தால் வரி வாங்க வருகிறவனுக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் கசிப்பு விற்ற அம்மாவுக்கு மாதம் ஒரு தடவை வரி வாங்க ஆள் வந்தார். கும்பலா? இல்லை. தொப்பி போட்ட ஆள். அந்த இடம் ஏற்கனவே நிரம்பியிருந்ததால் வேறு சண்டியன் வரவில்லை.

2023 ஜூலை 16

அரசியல்வாதிகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறீர்கள். கடை இதே ஊரில்தான் இருக்கிறது.

2023 ஜூலை 30

நம் ஆட்கள் இங்கே வந்து இருநூறு வருடம், 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடக்கிறார்கள். நான் போகவில்லை, முழங்கால். கடையில் உட்கார்ந்து இந்த இழையை மேலிருந்து படித்தேன். ஹட்டன் வாசகரின் முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று பட்டது. பொடியன்களைப் பற்றிக் கேட்டார், நான் கங்காணியைப் பற்றிப் பேசினேன்.

அமெரிக்கக் குற்றவியலாளர் எட்வின் சதர்லாந்து சொன்னது: குற்றமும் தையல் வேலை மாதிரித்தான், பழகுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்வது. கையும் கற்கிறது, 'இது தப்பில்லை' என்கிற பேச்சும் கற்கிறது. கிளவர்ட், ஓலின் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1960இல் இதை மெர்ட்டனோடு சேர்த்துக் கட்டினார்கள். நேர் வழி மூடியிருப்பதால் மட்டும் ஒருவனுக்குக் கள்ள வழி திறந்துவிடாது, அங்கேயும் உள்ளே விட ஒருவர் வேண்டும், சொல்லித்தர ஒருவர் வேண்டும். லயத்தில் ஐந்தாம் வகை ஆள் ஏன் இல்லை என்று ஜூன் 5இல் கேட்டேனே, இதுதான். வாத்தியார் இல்லை. இருந்தாலும் ரகசியம் நிற்காது. பிரதேசத்துக்குப் புதியவர் கண்ணுக்கு லயம் ஒழுங்கற்ற இடம். அங்கே இருந்தவனுக்குத் தெரியும், நேற்று யார் வீட்டில் மீன் என்பது வரை பதிவாகிற இடம் அது.

என்னோடு படித்த ஒருவன் சாதாரண தரம் முடித்துக் கொழும்பு புறக்கோட்டைக்குக் கடை வேலைக்குப் போனான். மூட்டை தூக்கி, அப்புறம் பில் போட்டு, அப்புறம் கடன் வசூலுக்கு. மூன்றாம் வருடம் தீபாவளிக்கு வந்தபோது என்னிடம் சொன்னான்: "மச்சான், கணக்குப் பாடத்துல நான் பெயிலு. ஆனா எவன் தருவான், எவன் ஓடுவான்னு மூஞ்சப் பாத்தே சொல்லுவன்." முதலாளியின் முதலாளி யாரென்று கேட்டேன். பேச்சை மாற்றினான். இப்போது அவன் எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்வதில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் டானியல் பெல் 1953இல் எழுதியது இங்கே பொருந்தும். வந்தேறிகளுக்கு நேர் ஏணி மறுக்கப்படும்போது குற்றம் ஒரு கோணல் ஏணி. ஐரிஷ்காரர் ஏறினார்கள், யூதர் ஏறினார்கள், இத்தாலியர் ஏறினார்கள், ஏறினவர்களின் பேரப்பிள்ளைகள் டொக்டர் ஆனார்கள். அவருக்கு முன்பு 1950, 51இல் குற்றக் கும்பல்களை விசாரித்த அமெரிக்க செனட்டின் கீஃபாவர் குழு, எல்லாம் சிசிலியிலிருந்து இறங்கிய சதி என்று சொல்லியிருந்தது. 'இது வெளியாட்கள் வேலை' என்பது எல்லா ஊரிலும் சுலபமான பதில். கொழும்பில் பிடிபட்ட பொடியனின் ஊர் நுவரெலியா மாவட்டம் என்று செய்தி வந்தால், அங்கேயும் அப்படித்தான் பேசுவார்கள்.

ஆக என் திருத்தம் இது. பெட்டி மூடியிருந்தவரை பொடியன்களுக்கு வாத்தியார் கிடைக்கவில்லை. இப்போது பெட்டி திறந்துவிட்டது. வீட்டுக்கு ஒருவர் கொழும்பில், எல்லார் கையிலும் ஃபோன், ஐஸ் என்ற போதைப்பொருளின் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிகிறது. வாசகர் சொன்ன பத்து வருடம் தப்பாக இருக்கலாம். திசை தப்பில்லை. ஆனால் காரணம் வறுமை என்று மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

2023 ஆகஸ்ட் 10

சம்பள நாள். கார்டுக்காரர் வரவில்லை. அவர் இடத்தில் இருபத்திரண்டு வயதுப் பொடியன். ரப்பர் பட்டி இல்லை, ஆல்பம் மாதிரிப் பிளாஸ்டிக் உறை. கார்டுகளும் கூடுதல்.

பத்தரைக்கு என் கடைக்கு வந்தான். கையில் ஒரு சீ.ஆர். கொப்பி, மாட்டுத்தாள் உறை. "அண்ணே, இத ரெண்டு செட் அடிச்சுத் தாங்க."

பெரியவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அவரு கை விட்டுட்டாரு அண்ணே. எல்லாரோட கடனையும் சேத்து ஒரு ஆளுகிட்டக் குடுத்துட்டாரு. அவரு முழுசாக் கட்டி எடுத்துக்கிட்டாரு."

யார், எந்த ஊர் என்று கேட்டேன். கண்ணாடிக் கதவு வழியாக வரிசையைப் பார்த்துக்கொண்டே, "இங்க ஆள் இல்ல" என்றான்.

பக்கம் பக்கமாகக் கண்ணாடியில் வைத்து அடித்தேன். பெயர், தோட்டம், டிவிசன், லய இலக்கம், தொகை, கார்டு கொடுத்த திகதி. பதினாறாம் பக்கத்தில் என் ஒன்றுவிட்ட தங்கச்சியின் பெயர். முப்பத்தெட்டுப் பக்கம், இரண்டு செட். காசு கொடுத்துவிட்டு, ஒரு செட்டுக்கு ஸ்பைரல் போட முடியுமா என்று கேட்டான். நாளை வரச் சொல்லியிருக்கிறேன்.